தமிழ்க் கையேட்டில் எழுத்தும் குறியும் தடம் மாறினால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

கோவையில் பம்பு, இன்வெர்ட்டர், கணக்கு மென்பொருள் என்று பலவற்றுக்கும் தமிழில் பயனர் கையேடு எழுதி, பக்க வடிவமைப்பும் செய்கிறேன். எழுதிய தகவல் சரியாக இருக்கும். ஆனாலும் படித்தவர் தவறாகச் செய்திருப்பார். அப்படி நடந்த ஒவ்வொரு முறையும் பக்கத்தை எடுத்துவைத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் எழுத்தின் தடிப்பிலோ, ஓர் அடைப்புக்குறியிலோ, வரி உடைந்த இடத்திலோதான் இருந்தது.

ஆங்கிலக் கையேட்டில் கண்ணுக்கு வழிகாட்ட மூன்று கருவிகள் உண்டு: பெரிய எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து. தமிழில் பெரிய எழுத்து என்பதே கிடையாது. சாய்வெழுத்து நம் அச்சு மரபில் வேர்விடவில்லை. மிஞ்சிய தடித்த எழுத்தின் தலையில் மூன்று வேலையையும் ஏற்றிவிடுகிறோம். போதாததற்கு, தமிழில் ஒரு சொல்லின் உயிரான தகவல் அதன் வாலில் இருக்கிறது. வேற்றுமை உருபும் எதிர்மறையும் கடைசியில்தான் வரும். ஆங்கிலப் பக்கத்தின் அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டால் முதலில் அடிபடுவது இந்த வால்தான். கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்து கிளம்புபவை.

வாசிப்பவர் என்ன செய்தார், என்ன கேட்டார் என்பதை வைத்துத் தேடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: “கூடாது” என்று போட்டதையே செய்துவிடுகிறார்

இதுதான் மிக ஆபத்தானது, அதனால் முதலில்.

ஒரு மோனோபிளாக் பம்பின் கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன், திருத்தப் படியை ஒரு ஃபிட்டர் தம்பியிடம் கொடுத்து, படித்துக்கொண்டே பம்பை ஓட்டச் சொன்னேன். வலது பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: “கேசிங்கில் தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரை இயக்கக்” (கேசிங் என்பது பம்பின் வெளிக்கூடு). “கூடாது” என்ற சொல் மறுபக்கத்தின் தலையில் இருந்தது. தம்பி கை சுவிட்சுக்குப் போய்விட்டது. தடுத்துக் கேட்டதற்கு, “ஓட்டச் சொல்லித்தானுங்கண்ணா போட்டிருக்குது” என்றார். அவர் மேல் தவறே இல்லை. பக்கம் அதைத்தான் சொன்னது.

தண்ணீர் இல்லாமல் ஓடினால், தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் வீணாகும். சுழலும் முகமும் நிற்கும் முகமும் உரசுமிடத்தைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் சூடேறிச் சீல் விரிசல் விடும், கசியத் தொடங்கும். ஒரு சொல் அடுத்த பக்கம் போனதற்கு இவ்வளவு விலை.

முதலில் பார்க்க வேண்டியது வரி முறிவு. “இயக்கக் கூடாது”, “தொட வேண்டாம்” போன்ற இணைகளுக்கு நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில், அந்த இடத்தில் வரி உடையவிடாத பிரியா இடைவெளி வையுங்கள். வேர்டிலும் லிப்ரெஆஃபிஸிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது விழும். 230 வோல்ட், 1 எச்பி என்று எண்ணும் அலகும் வரும் இடங்களுக்கும் இதே மருந்து. எச்சரிக்கைப் பத்தி இரண்டு பக்கத்தில் பிரியாதபடி, பத்தியின் வரிகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது தடிப்பு. ஆங்கிலத்தில் “செய்யாதே” என்பதற்கான சொல் முதலில் வருகிறது, அதைத் தடிப்பாக்கினால் கண் அங்கே நிற்கும். அதைப் பார்த்துத் தமிழிலும் வாக்கியத்தின் முதல் சொல்லைத் தடிப்பாக்குபவர்கள் உண்டு. “மோட்டாரை இயக்கக் கூடாது” என்றால் கண்ணில் படுவது மோட்டார் மட்டும். தடிப்பு போட வேண்டுமென்றால் வினையோடு எதிர்மறையும் சேர்ந்து தடிப்பாக வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த தீர்வு மூன்றாவது: எதிர்மறையே இல்லாமல் எழுதுவது. “முதலில் கேசிங்கில் தண்ணீர் நிரப்பவும். நிரம்பி வழிந்த பிறகே சுவிட்சைப் போடவும்.” இது எங்கே உடைந்தாலும் ஆபத்தில்லை. எல்லா எச்சரிக்கையையும் இப்படி மாற்ற முடியாது, ஆனால் நினைப்பதைவிட அதிகமானவற்றை மாற்றலாம்.

இவ்வளவு செய்தும் படிக்காமல் தாண்டுகிறார் என்றால், எச்சரிக்கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 4-ஆவது படியில் நடக்கக்கூடிய ஆபத்தை 5-ஆவது படிக்குப் பிறகு பெட்டி போட்டுச் சொன்னால் யாருக்கும் பயனில்லை. படிக்கு முன்னால் வர வேண்டும், அந்தப் படியை ஒட்டியே வர வேண்டும். முதல் நான்கு பக்கத்தில் எல்லா எச்சரிக்கையையும் குவித்துவைப்பது சட்டப் பாதுகாப்புக்கு உதவலாம், பம்பு முன்னால் குந்தியிருப்பவருக்கு உதவாது.

அறிகுறி: எல்லாமே “எச்சரிக்கை” என்று இருப்பதால் எதையும் பொருட்படுத்துவதில்லை

மூல ஆங்கிலத்தில் நான்கு தனித்தனிச் சொற்கள் இருந்திருக்கும். அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரம் அவற்றைக் கறாராகப் பிரிக்கிறது. டேஞ்சர் என்றால், தவிர்க்காவிட்டால் சாவோ கடுமையான காயமோ நிச்சயம். வார்னிங் என்றால் அது நேரக்கூடும். காஷன் என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும். நோட்டீஸ் என்பதில் உடம்புக்கு ஆபத்தில்லை, பொருளுக்குத்தான் சேதம். நிறமும் வெவ்வேறு: சிவப்பில் வெள்ளை எழுத்து, ஆரஞ்சில் கறுப்பு, மஞ்சளில் கறுப்பு, நீலத்தில் வெள்ளை.

மொழிபெயர்ப்பில் முதல் மூன்றும் “எச்சரிக்கை” ஆகிவிடுகின்றன. ஷாக் அடித்துச் சாவதற்கும் விரல் லேசாகச் சுடுவதற்கும் ஒரே சொல். வாசிப்பவர் மூன்றாம் பெட்டியிலேயே சலித்துப்போகிறார்.

நான் வைத்திருக்கும் வரிசை: உயிர் ஆபத்து, எச்சரிக்கை, கவனம், குறிப்பு. வேறு சொற்கள் உங்களுக்குப் பொருந்தினால் அவற்றையே வையுங்கள். ஆனால் ஒரு முறை முடிவு செய்ததைக் கையேடு முழுக்க மாற்றாதீர்கள். பெட்டியின் தலைப்பில் “உயிர் ஆபத்து” என்று போட்டுவிட்டு, உள்ளே “வண்ணப்பூச்சு உரியலாம்” என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான் பார்த்த கையேடுகளில் இந்தப் பொருத்தமின்மை அடிக்கடி இருந்தது.

அறிகுறி: திரையில் இல்லாத பொத்தானைத் தேடுகிறார்

“சார், ‘நீக்கை’ எங்க சார் இருக்கு?”

ஒரு மென்பொருள் கையேட்டைப் பற்றி வந்த தொலைபேசி அழைப்பு இது. கையேட்டில் “நீக்கைச் சொடுக்கவும்” என்று தடிப்பாக இருந்தது. திரையில் இருந்த பொத்தான் “நீக்கு”. அதோடு இரண்டாம் வேற்றுமையின் ஐ சேர்ந்து, அடுத்த சொல்லுக்கான ச்சும் ஒட்டி, பெயரே மாறிவிட்டது. இலக்கணப்படி பிழையே இல்லை. கையேடாக அது முழுப் பிழை.

தமிழ் உருபு பெயருக்குள் புகுந்து வேலை செய்யும். “படம்” என்ற பட்டியல் “படத்தை” ஆகும், “பக்கம்” “பக்கத்தில்” ஆகும், “கருவிகள்” “கருவிகளில்” ஆகும். திரையில் உள்ள வடிவமும் தாளில் உள்ள வடிவமும் கண்ணுக்கு வேறு வேறு. தேடல் பெட்டியில் “பக்கம்” என்று தட்டினால் “பக்கத்தில்” என்ற இடம் வராது.

தீர்வு எளிது. திரைப்பெயரை அப்படியே நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு பொதுப்பெயரை வைத்து, உருபை அதன் மேல் ஏற்றுங்கள்: “நீக்கு என்ற பொத்தானைச் சொடுக்கவும்”, “படம் என்ற பட்டியலில்”. “என்ற” போடுவதால் இன்னொரு தொல்லையும் தீர்கிறது. “சேமிப் பொத்தானை” என்று வலிமிகும் ப்பும் தடிப்புக்குள் போய் உட்காராது. சொல் கூடுகிறதே என்று டிடிபி செய்பவர்கள் முணுமுணுப்பார்கள். இடம் போனால் போகட்டும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவியின் திரை ஆங்கிலத்தில் இருக்கும், கையேடு அந்தப் பெயர்களையும் தமிழாக்கியிருக்கும். அங்கே திரையில் கண்ணால் பார்க்கும் எழுத்தையே முதலில் காட்டி, பொருளைப் பின்னால் தமிழில் சொல்லுங்கள். வாசிப்பவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வடிவத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடுவார்.

அறிகுறி: கோணக் குறியையும் சதுர அடைப்பையும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறார்

கணினிக் கையேடுகளின் குறிமொழி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகத்திலிருந்து வந்தது. தடிப்பாக இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். சாய்வாகவோ அடிக்கோட்டோடோ இருக்கும் இடத்தில் உங்கள் சொந்தத் தகவலைப் போட வேண்டும். [ ] உள்ளே இருப்பது விருப்பம், | என்றால் இதுவோ அதுவோ, … என்றால் வேண்டிய மட்டும் திரும்ப வரலாம். பழகியவருக்கு இது மூச்சு மாதிரி. புதியவருக்கு இவையெல்லாம் அடிக்க வேண்டிய எழுத்துகள்.

தமிழ்க் கையேட்டுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கட்டளை ரோமன் எழுத்தில், நிரப்ப வேண்டிய இடம் <உங்கள் கோப்பின் பெயர்> என்று தமிழில். எழுத்து வகையே குறிப்பாகிவிடுகிறது. ஆனாலும் கோணக் குறியை அடிப்பவர் அடிப்பார். கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லில் < மற்றும் > இரண்டுக்கும் தனி வேலை உண்டு, > ஒரு கோப்பின் உள்ளடக்கத்தையே அழித்து எழுதிவிடக்கூடும். ஆகவே கட்டளையின் பொது வடிவத்துக்கு நேர் கீழே, நிரப்பி முடித்த எடுத்துக்காட்டு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். விளக்கத்தைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவுகிறது.

எடுத்துக்காட்டில் ஐபி முகவரி வேண்டுமென்றால் 192.0.2.10 போன்ற ஒன்றை எடுங்கள். 192.0.2 என்று தொடங்கும் முகவரிகளை ஆவணங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கிவைத்திருக்கிறது. அப்படியே அடித்தாலும் யாருடைய கணினியையும் போய்த் தொடாது.

வரியின் தலையில் வரும் $, # இரண்டும் இதே குடும்பம். $ சாதாரணப் பயனர் என்பதைக் காட்டும், # நிர்வாகி என்பதைக் காட்டும். $ சேர்த்து நகலெடுத்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பிழைச்செய்தி வரும், பிழைத்தோம். # சேர்த்து நகலெடுத்தால் பாஷ் போன்ற ஷெல் அந்த வரியையே குறிப்புரை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். வாசிப்பவர் வேலை முடிந்தது என்று அடுத்த படிக்குப் போய்விடுவார். நகலெடுக்க வேண்டிய வரிகளில் இந்த இரண்டையும் போடாதீர்கள். யாராக நுழைந்து செய்ய வேண்டும் என்பதை மேலே தமிழில் எழுதுங்கள்.

அறிகுறி: எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தும் பிழை வருகிறது

நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி “ ” என்று வளைந்திருக்கும். இரண்டு சிறு கோடுகள் சேர்ந்து ஒரே நீளக் கோடாகியிருக்கும். நீங்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள், வேர்டின் தானியங்கித் திருத்தம் அழகுபடுத்தியிருக்கும். ஷெல்லுக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல, வெறும் எழுத்து. தானியங்கித் திருத்த அமைப்பில் அந்த இரண்டு மாற்றத்தையும் அணைத்துவிடுங்கள். மாறிய கணத்திலேயே கண்ட்ரோல் + இசட் அழுத்தினாலும் பழையபடி ஆகும்.

அதுவும் சரியாக இருந்தால், முதல் அறிகுறிக்கு நாம் போட்ட பிரியா இடைவெளியைச் சந்தேகியுங்கள். உரையில் அது காப்பாற்றும், கட்டளையில் கவிழ்க்கும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும், ஆனால் கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது வேறு எழுத்து. ஷெல் அங்கே சொல்லைப் பிரிக்காமல் இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஆவணம் முழுக்கத் தேடி மாற்றும்போது கட்டளைப் பத்திகளை விலக்கிவைப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: “கண்ணு வலிக்குது, படிக்கவே முடியல”

சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் எங்கே வருகின்றன என்று பாருங்கள்.

லதா, நிர்மலா போன்ற நாம் அன்றாடம் புழங்கும் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வெழுத்து கிடையாது. சாய்வு கேட்டால் மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிடும். அப்படித் தள்ளும்போது அடியைவிட உச்சி அதிகமாக நகர்கிறது. தமிழில் உச்சியில் இருப்பது புள்ளி. “பட்டன்” என்ற சொல்லைச் சாய்த்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ட் மேல் இருக்க வேண்டிய புள்ளி அடுத்த ட பக்கமாகச் சரிந்திருக்கும். 8 பாயிண்ட் அளவில், மட்டமான தாளில் அது எந்த எழுத்தின் புள்ளி என்று சொல்வது கடினம். தமிழ் உரையில் சாய்வெழுத்தை அடியோடு விட்டுவிடுங்கள். சொல்லைத் தனித்துக் காட்ட ஒற்றை மேற்கோள் போதும்.

தடிப்பின் தொல்லை வேறு மாதிரி. மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் தடித்துச் சிறுத்தால் சுழிகள் அடைபட்டு ஒன்றாகிவிடும். ஞ, ஜ, ணை எல்லாம் மைத்திட்டு. தடிப்பை ஒரே ஒரு வேலைக்குக் கொடுங்கள். நான் கொடுத்திருப்பது, கருவியிலோ திரையிலோ கண்ணால் பார்க்கக்கூடிய பெயர்களுக்கு மட்டும். அதற்கு ஒரே விலக்கு, முன்னே சொன்ன எதிர்மறை வினை. அழுத்தம் கொடுப்பதற்கு வாக்கியத்தின் அமைப்பு இருக்கிறது, “மட்டும்”, “கட்டாயம்”, ஏகாரம் எல்லாம் இருக்கின்றன. அடிக்கோடும் வேண்டாம். கு, டு, ழு, ஞ எல்லாம் கோட்டுக்குக் கீழே வால் நீட்டுபவை, அடிக்கோடு அந்த வாலை வெட்டும்.

உரை 10 பாயிண்டுக்குக் குறையாமல், வரிக்கு வரி 14, 15 பாயிண்ட் இடம் விட்டுப் பாருங்கள். கீழே இறங்கும் கூவும் மேலே ஏறும் கீயும் முட்டாமல் இருக்க இவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

அறிகுறி: வயர் மாற்றிக் கொடுத்துவிட்டார், படம் சரியாகத்தான் இருக்கிறது

உங்கள் கணினியில் படம் சரி. அவர் கையில் இருந்தது அதன் ஜெராக்ஸ். கடைக்காரர் மூலத்தை வைத்துக்கொண்டு நகல் கொடுப்பது சாதாரணம். நகலில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல், மஞ்சள் காணாமல் போயிருக்கும். மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். எர்த்தும் ஃபேஸும் மாறினால் பம்பின் உடம்பிலேயே கரண்ட் வரும்.

ஒவ்வொரு வயரின் மேலும் பெயரை எழுதுங்கள். சிவப்பு, மஞ்சள், நீல ஃபேஸ்களுக்கு எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஆர், ஒய், பி என்ற எழுத்துகளையே போடலாம். கோட்டையும் மாற்றுங்கள்: ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டுவிட்டு, ஒன்று புள்ளிக்கோடு. நிறக்குருடு உள்ளவருக்கும் இதே ஏற்பாடு கைகொடுக்கும். சுற்றும் திசைக்கு அம்புக்குறி போடும்போது, எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பதையும் ஒட்டியே எழுதுங்கள். அது இல்லாத அம்பு பாதித் தகவல்.

பாதுகாப்புச் சின்னங்களை வடிவமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3864 வகுத்த முறையில் எச்சரிக்கை முக்கோணம், தடை என்பது குறுக்குக் கோடு போட்ட வட்டம், கட்டாயம் செய்ய வேண்டியது நிரப்பிய வட்டம். நிறம் போனாலும் வடிவம் நிற்கும். சொந்தமாகச் சின்னம் வரைய ஆசை வந்தால் அடக்கிக்கொண்டு, ஐஎஸ்ஓ 7010 தொகுப்பில் தேடுங்கள். மின்னல் குறி போட்ட முக்கோணம் கரண்டுக்கு, ஆச்சரியக்குறி போட்டது பொதுவானதற்கு. கரண்ட் இல்லாத இடத்தில் மின்னலைப் போட்டுப் பழக்கினால், இருக்கும் இடத்தில் அதை நம்ப மாட்டார்.

அறிகுறி: “(அ) போட்டிருக்கே, எதைச் செய்யணும்?”

நமக்கே உரிய சிக்கல் இது. “ஸ்பேனர் (அ) கட்டிங் பிளேயர்” என்றால் (அ) “அல்லது”. “(அ) மூடியைக் கழற்றவும்” என்றால் முதல் உட்பிரிவு. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம் உறுதி. “படம் 3-ஆ” என்பதும் “3-ஆம் படம்” என்பதும் அவசரத்தில் ஒன்றுபோல இருக்கும். “அல்லது” என்பதை முழுதாக எழுதுங்கள், உட்பிரிவுக்கு 3.1, 3.2 என்று எண் கொடுங்கள். தமிழ் எண்கள் மேல் எனக்குப் பற்று உண்டு, ஆனால் படி எண்ணாக ௧ போட்டால் க என்றும் ௨ போட்டால் உ என்றும் படிப்பார்கள்.

அறிகுறி: பிடிஎஃப்பில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால், உரை பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றி மறுபடி மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. தமிழாகவே விழுந்து ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றால், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் பதிவாகியிருக்கின்றன. வேறு ஏற்றுமதி முறையிலோ வேறு மென்பொருளிலோ பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். வரி சரியாகவே விழுகிறது, தேடினால்தான் வரவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கும் எழுத்து ஏதாவது நடுவில் இருக்கலாம். இல்லாவிட்டால் அது பழைய “பக்கம், பக்கத்தில்” கதை.

அறிகுறி: குறியீட்டு விளக்கப் பக்கம் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை

2-ஆம் பக்கத்தில் “இந்தக் கையேட்டில் பயன்படும் குறிகள்” என்று பட்டியல் போட்டிருப்பீர்கள். பம்பு ஓடவில்லை என்று வருபவர் நேராக 11-ஆம் பக்கத்தைத்தான் திறப்பார். பட்டியலை எடுக்க வேண்டாம், தேடி வருபவருக்கு அது இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு குறி முதல்முறை வரும் இடத்தில், அதன் பக்கத்திலேயே நான்கு சொல்லில் பொருளை எழுதுங்கள்: “முக்கோணம்: முதலில் இதைப் படிக்கவும்”. பிறகு 11-ஆம் பக்கத்தை மட்டும் தனியாக ஜெராக்ஸ் எடுத்து, கையேட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, அவர் விரல் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.